மிஞ்சிய காபி

ரைமோ வாராலாவின் முதுகு இருபத்தொன்பது வருஷம் கனரக லாரியில் குலுங்கிவிட்டு, ஒருநாள் இனி முடியாது என்று சொல்லிவிட்டது. முதுகு சொன்னதை டாக்டர் ஒப்புக்கொண்டார். டாக்டர் சொன்னதைச் சுரங்கக் கம்பெனி ஒப்புக்கொண்டது. தான் வாயால் சொன்ன எதையும் யாரும் இவ்வளவு சீக்கிரம் ஒப்புக்கொண்டதில்லையே என்று ரைமோவுக்குத் தன் முதுகின் மேலேயே கொஞ்சம் பொறாமை வந்தது.

கம்பெனி அவரை வீட்டுக்கு அனுப்பவில்லை. நிக்கல் தோண்டும் அந்தச் சுரங்கத்துக்கு, பக்கத்திலிருக்கும் ஹில்லாலம்பி ஊரோடு பேச ஓர் ஆள் வேண்டியிருந்தது. ரைமோ அந்த ஊர்க்காரர். கம்பெனியையும் தெரியும், ஊரையும் தெரியும். அதிகம் பேசமாட்டார் என்பதுதான் ஒரே குறை. அதை யாரும் கவனிக்கவில்லை. 'ஊர்த் தொடர்பாளர்' என்று பதவி கொடுத்து, நீலக் குளிர்ச்சட்டை ஒன்றும் கொடுத்தார்கள். முதுகில் கம்பெனி பெயர், மார்பில் அவர் பெயர்.

அதைப் போட்டுக்கொண்டு முதல்நாள் கடைக்குப் போனபோது, பக்கத்து வீட்டு கௌக்கோ பால் பாக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு அவர் மார்பை எழுத்தெழுத்தாகப் படித்தார். கௌக்கோ மரம் வெட்டி ஓய்ந்தவர், எழுபது தாண்டியவர். ரைமோ பிறந்த அன்றிலிருந்து அவரைத் தெரியும்.

"ரைமோ," என்று படித்து முடித்தார். "மறந்துடுவேன்னு எழுதிக் குடுத்துட்டாங்களா?"

"உனக்காகத்தான் கௌக்கோ. வயசாகுதுல்ல."

"அப்ப முதுகுல எழுதியிருக்கறது யாருக்கு?"

மூன்று நாள் கழித்துத்தான் ரைமோவுக்கு இதற்கு ஒரு நல்ல பதில் தோன்றியது. அதற்குள் பால் புளித்திருக்கும் என்று விட்டுவிட்டார்.

வேலை இதுதான். சுரங்கத்தில் கல்லை அரைத்து நிக்கலை எடுத்தபிறகு மிஞ்சுகிற சேற்றுத் தண்ணீரை, ஊருக்கு மேல்புறம் ஒரு பெரிய குட்டையில் தேக்கி வைத்திருந்தார்கள். குட்டை நிறைந்துகொண்டிருந்தது. அதன் கரையை இன்னும் ஆறு மீட்டர் உயர்த்தக் கம்பெனி அனுமதி கேட்டது. கரைக்குக் கீழே பத்து வீடுகள், பத்துக் கிணறுகள். கரைக்கு மிக அருகில் இருப்பது கௌக்கோவின் கிணறு, அதற்கு அடுத்தது ரைமோவுடையது. விண்ணப்பத்தோடு ஊரின் கருத்தையும் சேர்த்து அனுப்ப வேண்டும். ஊர் என்ன நினைக்கிறது என்று கேட்டு, படிவத்தில் குறித்துக் கொடுப்பது தொடர்பாளரின் பொறுப்பு.

படிவத்தை அவரிடம் கொடுத்தவள் யொன்னா. தெற்கே தலைநகரப் பக்கத்திலிருந்து வந்தவள், கம்பெனியின் சமூகப் பொறுப்பு அதிகாரி, முப்பது வயது. நல்ல பெண். எதிரே இருப்பவர் பதில் சொல்லக் காத்திருக்கும்போது தலையை லேசாகச் சாய்த்துக்கொள்வாள். இந்த ஊரில் அதனாலேயே அவளுக்குக் கழுத்து வலி வந்துவிடும் என்று ரைமோ கவலைப்பட்டார்.

படிவம் ரைமோவுக்குப் பிடித்திருந்தது. 'எதிர்ப்பு: இல்லை' என்று ஒரு கட்டம். 'எதிர்ப்பு: உண்டு' என்று இன்னொரு கட்டம். இல்லை என்றால் ஒரு குறி போட்டால் போதும். உண்டு என்றால் கீழே ஆறு வரியில் விவரம் எழுத வேண்டும்.

ரைமோவுக்கு எழுத்து வசப்பட்டதே நாற்பத்தாறு வயதில்தான். பள்ளிக்கூடத்தில் அவர் பார்க்கும்போதெல்லாம் எழுத்துகள் கோடைக்காலக் கொசுக்கூட்டம் மாதிரி இடம் மாறின. ஆசிரியை அவரை வகுப்பறையைச் சூடாக்கும் விறகடுப்புக்குப் பக்கத்தில் உட்காரவைத்து, அடுப்பைப் பார்த்துக்கொள் என்றார். ரைமோ ஆறு வருஷம் அடுப்பை அணையாமல் பார்த்துக்கொண்டார். அந்த வகுப்பிலேயே சூடாகப் படித்தவர் அவர்தான். பிறகு எவ்வளவோ காலம் கழித்து, நகர நூலகத்தில் பெரியவர்களுக்கு நடந்த மாலை வகுப்பில் கொசுக்களை ஒவ்வொன்றாகப் பிடித்து உட்காரவைத்தார். இப்போது செய்தித்தாள் படிப்பார். ஆனால் எழுதுவதென்றால் ஈர மரத்தைக் காட்டிலிருந்து தனியாளாக இழுத்துவருவது போலத்தான். ஆறு வரி என்பது ஒரு லாரி லோடு.

செவ்வாய்க்கிழமை மாலை ஆறு மணிக்கு ஊர்மன்றத்தில் கூட்டம். ரைமோ தன் பங்கைக் குறையில்லாமல் செய்தார். நாற்காலி போட்டார். மனைவி சிர்க்கா சுட்டுக் கொடுத்த ஏலக்காய் பன்களைத் தட்டுகளில் அடுக்கினார். ஆளுக்கு இரண்டரைக் கோப்பை என்று கணக்குப் போட்டு, ஆறு பெரிய ஃபிளாஸ்க் காபி போட்டார். அந்த ஊரில் கல்யாணத்துக்கும் இழவுக்கும் அதுதான் கணக்கு. முதல் கோப்பை மரியாதைக்கு. இரண்டாவது கோப்பையோடுதான் ஆள் உண்மையில் உட்காருவார், வாய் திறக்கும். மீதி அரைக் கோப்பை கிளம்பும்போது நின்றுகொண்டே குடிப்பதற்கு.

நாற்பத்தொரு பேர் வந்தார்கள். ஒவ்வொருவரும் ஒரு கோப்பை காபியும் பன்னும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். யொன்னா சுவரில் படங்கள் காட்டினாள். பச்சையாக ஒரு கரை, நீலமாக ஒரு குட்டை, ஓரத்தில் சிரிக்கிற ஒரு குடும்பம். அந்தக் குடும்பம் எந்த ஊர் என்று யாருக்கும் தெரியவில்லை.

"உங்க கருத்து எங்களுக்கு ரொம்ப முக்கியம். எதுவா இருந்தாலும் சொல்லுங்க," என்று தலையைச் சாய்த்தாள்.

சுவர்க் கடிகாரம் மட்டும் பேசியது. நாற்பத்தொரு பேரும் தங்கள் காலணிகளைப் பார்த்தார்கள். கௌக்கோ ஒருமுறை தொண்டையைச் செருமினார். யொன்னா ஆவலோடு பேனாவை எடுத்தாள். அது வெறும் செருமல்தான்.

ஏழு மணிக்கு எல்லோரும் எழுந்தார்கள். கோப்பையைக் கொண்டுவந்து மேஜையில் வைத்து, காபிக்கு நன்றி சொல்லி, வரிசையாக வெளியே போனார்கள்.

"எவ்வளவு அமைதியா நடந்துச்சு," என்றாள் யொன்னா. "நான் முன்னாடி வேலை பார்த்த இடத்துல என் மேல முட்டை எறிஞ்சாங்க ரைமோ."

"இங்க முட்டைய வீணாக்க மாட்டாங்க."

"அப்ப எதிர்ப்பு இல்லைன்னு போட்டுடலாமா?"

ரைமோ படிவத்தைப் பார்த்தார். ஒரு பக்கம் சின்னக் கட்டம், இன்னொரு பக்கம் ஆறு காலி வரி. பேனா தானாகவே சின்னக் கட்டத்துக்குப் போனது. குறி அழகாக விழுந்தது. அவர் வாழ்நாளில் எழுதியதிலேயே அழகான எழுத்து அதுதான். யொன்னா வாங்கிப் பையில் வைத்துக்கொண்டாள். வெள்ளிக்கிழமை அனுப்ப வேண்டும்.

மன்றத்தைப் பெருக்கிவிட்டுப் பார்த்தால், ஆறில் மூன்று ஃபிளாஸ்க் திறக்காமலேயே இருந்தது. கம்பெனிக் காசில் தாராளமாகச் செய்திருக்கிறோம் என்று ரைமோவுக்குப் பெருமையாக இருந்தது. மூன்றையும் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனார்.

சிர்க்கா முதியோர் இல்லத்தில் வேலை பார்ப்பவள். அன்று இரவுப்பணி என்பதால் கூட்டத்துக்கு வரவில்லை. காலையில் வீடு திரும்பியபோது, ரைமோ அடுப்பில் பழைய காபியைச் சுடவைத்துக்கொண்டிருந்தார். மேஜையில் மூன்று ஃபிளாஸ்க். சிர்க்கா ஒன்றைத் தூக்கிக் குலுக்கிப் பார்த்தாள். அடுத்ததையும் குலுக்கினாள்.

"கூட்டத்துக்கு யாரும் வரலையா?"

"ஏன் வராம? நாப்பத்தொரு பேரு. கௌக்கோவே வந்தான்."

"அப்ப இது என்ன?"

"மிஞ்சிடுச்சு. ஒரு வாரத்துக்குக் காபி போட வேண்டாம்."

சிர்க்கா கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தாள். "ரைமோ. ரெண்டாவது கோப்பை எத்தனை பேரு எடுத்தாங்க?"

ரைமோ யோசித்தார். அடுப்பில் காபி பொங்கி வழிந்தது. அவர் கவனிக்கவில்லை. ஆறு வருஷம் அடுப்பு பார்த்த மனிதர்.

"யாரும் எடுக்கல," என்றார் மெதுவாக.

"ஒருத்தர்கூட?"

"ஒருத்தர்கூட."

இருவருக்கும் ஒரே ஞாபகம்தான் வந்தது. ஊர்ப் பள்ளிக்கூடத்தை மூடப்போகிறோம் என்று சொல்ல அதிகாரிகள் வந்த வருஷம், இதே மன்றத்தில் ஊர் முழுவதும் ஒரு கோப்பை குடித்துவிட்டு எழுந்து போனது. கடன் வசூலிக்க வந்தவனோடு உட்கார்ந்துகூட இரண்டாவது கோப்பை குடித்த ஊர் அது. இதைவிடக் கடுமையாக மறுப்புச் சொல்ல அந்த ஊருக்குத் தெரியாது. அதிகாரிகள் எதிர்ப்பு ஏதுமில்லை என்று எழுதிக்கொண்டு போனார்கள். அடுத்த வருஷம் பள்ளிக்கூடம் பூட்டப்பட்டது. அந்த அதிகாரிகளை ரைமோ இருபது வருஷம் முட்டாள்கள் என்று திட்டியிருக்கிறார். லாரியில் தனியாகப் போகும்போது சத்தமாகவே திட்டியிருக்கிறார்.

"அவங்களுக்காவது தெரியாது, வெளியூரு," என்றாள் சிர்க்கா. "உனக்கு என்ன வந்துச்சு?"

"எனக்குச் சட்டை குடுத்திருக்காங்க."

"நீ குடிச்சியா?"

"என்ன?"

"ரெண்டாவது கோப்பை. நீ குடிச்சியா?"

ரைமோ அப்போதுதான் நினைத்துப் பார்த்தார். அவரும் குடிக்கவில்லை. ஃபிளாஸ்க்குக்குப் பக்கத்திலேயே ஒரு மணி நேரம் நின்றவர், வெறுங்கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு தன் காலணியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நாற்பத்தொரு பேரோடு நாற்பத்திரண்டாவது ஆளாக அவரும் மறுப்புச் சொல்லிவிட்டு, பிறகு அழகாகக் குறியும் போட்டுக் கொடுத்திருக்கிறார். இப்படி ஒரு ஆளை எந்தக் கம்பெனியும் தேடிப் பிடிக்க முடியாது.

ஏன் குடிக்கவில்லை என்பதும் அவருக்குத் தெரியும். பதினோரு வருஷத்துக்கு முன் ஒரு ஜனவரியில், அந்தக் கரையின் கிழக்கு அடிவாரத்தில் கல் கொட்டிக்கொண்டிருந்தார். எல்லாம் உறைந்து வெள்ளையாகக் கிடந்தது. ஓரிடத்தில் மட்டும், ஒரு கட்டில் அகலத்துக்கு, பனி பிடிக்காமல் துருநிறத்தில் ஈரமாக இருந்தது. மேற்பார்வையாளரிடம் சொன்னார். பார்க்கலாம், மேலே நாலு லோடு கொட்டு என்றார் அவர். ரைமோ நாலு லோடு கொட்டினார். அந்த மேற்பார்வையாளர் பிறகு வேறு சுரங்கத்துக்குப் போய்விட்டார். கல் இங்கேயே இருந்தது. ரைமோவும் இங்கேயே இருந்தார். கல் அளவுக்கே பேசினார்.

சட்டையை மாட்டிக்கொண்டு, பிறகு கழற்றி வைத்துவிட்டு, கௌக்கோவின் வீட்டுக்கு நடந்தார்.

கௌக்கோ வாசலில் விறகு அடுக்கிக்கொண்டிருந்தார். "அட, இன்னைக்குப் பேரு இல்லாம வந்திருக்கியே. யாருன்னு தெரியல."

"கௌக்கோ, நேத்து ஏன் யாரும் எதுவும் சொல்லல?"

"சொன்னமே."

"எப்ப சொன்னீங்க?"

"எத்தன ஃபிளாஸ்க் தூக்கிட்டுப் போன?"

"மூணு."

"அவ்வளவு சத்தமா இந்த ஊரு எப்பவுமே பேசினதில்ல."

"அந்தப் பொண்ணு தெக்கேருந்து வந்தது. அதுக்குக் காபியப் பாத்து எப்படிப்பா புரியும்?"

கௌக்கோ கையிலிருந்த கட்டையைக் கவனமாக இடம் பார்த்து வைத்தார். "அதுக்குப் புரியணும்னு யாரும் நெனைக்கல. உனக்குப் புரியும்னு நெனச்சோம். அங்க நம்மாளு ஒருத்தன் நிக்கறான், போய்ச் சொல்லிடுவான்னு நிம்மதியா வந்து படுத்தேன் நான்."

ரைமோ விறகைப் பார்த்தார். விறகு ஒழுங்காக இருந்தது.

"நான் எதிர்ப்பு இல்லைன்னு போட்டுட்டேன்."

கௌக்கோ உள்ளே போய், ஃபிளாஸ்க்கைக் கொண்டுவந்து ஒரு கோப்பை காபி ஊற்றிக் கொடுத்தார். ரைமோ குடித்தார். நாக்கின் பின்னால் ஆணி ஒன்றை நக்கியது போல ஒரு ருசி.

"வசந்தத்துலேருந்து இப்படித்தான்," என்றார் கௌக்கோ. "கிணத்துத் தண்ணி. வயசானதால என் நாக்குதான் போச்சோன்னு இருந்தேன். நீ சொல்லு, உனக்கு என்ன தெரியுது?"

"இரும்பு."

"ம்."

கௌக்கோ ஃபிளாஸ்க்கின் மூடியை இறுக்கித் திருகினார். இரண்டாவது கோப்பை வேண்டுமா என்று கேட்கவில்லை. அடுத்த மாதம் தொடங்கும் கடமான் வேட்டையில் தன்னை எந்த இடத்தில் நிறுத்துவார்கள் என்று ரைமோவுக்குப் புரிந்தது. ஊர்க் குப்பைமேட்டுக்குப் பின்னால். அங்கே கடமான் வராது. காக்கை வரும்.

வியாழக்கிழமை காலையில் யொன்னாவின் மேஜைக்கு முன்னால் போய் நின்றார்.

"அந்தப் படிவத்தத் திருப்பிக் குடுங்க. தப்பாப் போட்டுட்டேன்."

"ஒரே ஒரு குறிதானே ரைமோ. அதுல என்ன தப்பு?"

"அந்த ஒண்ணுதான்."

புதுப் படிவத்தை வாங்கிக்கொண்டு உணவறையில் போய் உட்கார்ந்தார். எட்டரை மணிக்கு ஆரம்பித்தவர், பதினொன்றே காலுக்கு முடித்தார். இடையில் இரண்டு ஷிப்டுக்காரர்கள் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். ஒருவன் எட்டிப் பார்த்து, "காதல் கடிதமா?" என்றான். "ஆமா, கௌக்கோவுக்கு," என்றார் ரைமோ, தலை நிமிராமல். நிமிர்ந்தால் எழுத்துகள் பறந்துவிடும்.

யொன்னா வாங்கிப் படித்தாள்.

'நாற்பத்தொரு பேர் வந்தார்கள். ஒருவரும் இரண்டாவது கோப்பை குடிக்கவில்லை. மூன்று ஃபிளாஸ்க் மிச்சம். தொடர்பாளரும் குடிக்கவில்லை. கரையின் கிழக்கு அடிவாரத்தில் கசிவு இருக்கிறது, பதினோரு வருஷம் முன்பு பார்த்தேன், அதன்மேல் கல் கொட்டியவன் நான். கௌக்கோவின் கிணற்றில் இரும்பு ருசி.'

அவள் தலையை இரண்டு பக்கமும் சாய்த்துப் பார்த்தாள். "கசிவு சரி, அது பெரிய விஷயம். ஆனா காபி குடிக்காதத எப்படி ரைமோ எதிர்ப்புன்னு எழுத முடியும்? மேலிடத்துல சிரிப்பாங்க."

"அப்ப இல்க்காகிட்ட காட்டுங்க."

சுரங்க மேலாளர் இல்க்கா, நூற்றைம்பது கிலோமீட்டர் தள்ளி இதே மாதிரி ஒரு ஊரில் பிறந்தவர். கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் மூன்று வரியைப் படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"மூணு ஃபிளாஸ்க்கா?"

"மூணு."

"பெரிய ஃபிளாஸ்க்?"

"பெருசு."

"பன்னு?"

"பன்னு தீந்துடுச்சு. பன்னு விஷயத்துல எங்களுக்குக் கொள்கை கிடையாது."

இல்க்கா சிரிக்கவில்லை. யொன்னா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். மேலாளரின் முகம் பல்வலிக்காரன் முகம் மாதிரி ஆவதைப் பார்த்து, அவளுக்கும் ஏதோ புரிய ஆரம்பித்தது. இல்க்கா மறுபடி கண்ணாடியை மாட்டி, மீதியைப் படித்தார். இந்தமுறை இரண்டு தடவை.

"இத யார்கிட்ட சொன்னீங்க?"

"மேற்பார்வையாளர்கிட்ட. அப்புறம் லாரிகிட்ட."

"பதினோரு வருஷமா?"

"நான் அவ்வளவா பேசற ஆள் இல்லைங்க. அதனாலதான் தொடர்பாளரா போட்டிருக்கீங்க."

இல்க்கா ஜன்னல் வழியாகக் கரையைப் பார்த்தார். அங்கிருந்து பார்த்தால் அது படத்தில் இருந்தது போலவே அழகாக இருந்தது. "வெள்ளிக்கிழமை எதுவும் போகாது," என்றார் யொன்னாவிடம். "அந்த இடத்தத் தோண்டிப் பாக்கணும். ஊரை மறுபடி கூப்பிடு." ரைமோ பக்கம் திரும்பினார். "கசிவப் பத்தி நீங்கதான் எந்திரிச்சு சொல்லணும். நாங்க சொன்னா, மாட்டிக்கிட்டு சொல்றோம்னு நெனைப்பாங்க."

"மாட்டிக்கிட்டுத்தானே சொல்றோம்."

"அதையும் சேத்துச் சொல்லுங்க."

அடுத்த செவ்வாய்க்கிழமை, அதே மன்றம், அதே நாற்காலி, அதே நாற்பத்தொரு பேர். சிர்க்கா பணிமாற்றிக்கொண்டு வந்திருந்ததால் நாற்பத்திரண்டு. எல்லோரும் முதல் கோப்பையோடு உட்கார்ந்தார்கள். படம் எதுவும் இல்லை. இல்க்கா எழுந்து, கிழக்கு அடிவாரத்தைத் தோண்டிப் பார்த்து, பத்துக் கிணற்றுத் தண்ணீரையும் வெளியாள் வைத்துச் சோதித்து முடிக்கிறவரை கரை ஒரு சாண்கூட உயராது என்று சொல்லி உட்கார்ந்தார். ரைமோ எழுந்தார்.

லாரியில் தனியாகப் பேசிப் பழகியதெல்லாம் மறந்துவிட்டது. "ஒரு ஜனவரியில," என்று ஆரம்பித்தார். பனி பிடிக்காத இடத்தைச் சொன்னார். நாலு லோடு கல்லைச் சொன்னார். "போன வாரம் நீங்க சொன்னது எனக்குக் கேட்டுச்சு. நான் எதிர்ப்பு இல்லைன்னு மாத்தி எழுதிக் குடுத்தேன். அதுல எழுத்து வேலை கம்மி, அதனாலதான்." சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

கடிகாரம் பேசியது. நாற்பத்திரண்டு பேரும் காலணிகளைப் பார்த்தார்கள். கதை முடிந்தது, இனி குப்பைமேடும் காக்கையும்தான் என்று ரைமோவும் தன் காலணியைப் பார்த்தார். ஒரு கயிறு அவிழ்ந்திருந்தது. இத்தனை பேருக்கு முன்னால் அவிழ்ந்த கயிற்றோடுதான் நின்றிருக்கிறார்.

ஒரு நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. கௌக்கோ எழுந்தார். எழுபது வயது முழங்கால்கள் அவசரப்படாமல் மேஜைவரைக்கும் நடந்தன. ஃபிளாஸ்க்கின் தலையை அழுத்தினார். கோப்பையில் காபி விழும் சத்தம் மன்றம் முழுவதும் கேட்டது.

"என் கிணத்துலேருந்து ஆரம்பிக்கலாம்," என்றார், நின்றபடியே ஒரு வாய் குடித்துவிட்டு. "வசந்தத்துலேருந்து இரும்பு அடிக்குது."

அவருக்குப் பின்னால் இன்னொருவர் எழுந்தார். பிறகு மூன்று பேர். மேஜைக்கு முன்னால் வரிசை நின்றது. யொன்னா பேனாவை எடுத்தாள், இந்தமுறை தலையைச் சாய்க்கவில்லை, எழுதவே நேரம் சரியாக இருந்தது. பதினோராவது ஆள் ஃபிளாஸ்க்கை அழுத்தினார். காற்று மட்டும் வந்தது. அடுத்த ஃபிளாஸ்க்கை அழுத்தினார். அதிலும் காற்று.

வரிசை முழுவதும் ரைமோவைத் திரும்பிப் பார்த்தது.

"எத்தனை ஃபிளாஸ்க் போட்ட?" என்றாள் சிர்க்கா.

"மூணு."

"ஏன் மூணு?"

"போன தடவ மூணு மிஞ்சிடுச்சுல்ல."

முதலில் சிரித்தது கௌக்கோதான். விறகு சரிவது போல ஒரு சிரிப்பு. பிறகு வரிசை சிரித்தது, இல்க்கா சிரித்தார். என்னவென்று முழுசாகப் புரியாமலேயே யொன்னாவும் சிரித்தாள். ரைமோ கயிற்றைக் கட்டிக்கொண்டு சமையலறைக்கு ஓடினார்.

மன்றத்தின் காபி இயந்திரம் அவர் பேசுவது போலவே வேலை செய்யும். ஒரு சொட்டு, ஒரு யோசனை, இன்னொரு சொட்டு. ரைமோ அதன் முன்னால் நின்று, மூடிய கதவுக்குப் பின்னால் தன் ஊர் பேசுவதைக் கேட்க முயன்றார். மீன் என்ற சொல் கேட்டது. கிழக்குப் பக்கம் என்று கேட்டது. ஒருவர் பேசி முடிக்கும் முன் இன்னொருவர் பேசினார். அப்படி ஒன்று அந்த மன்றத்தில் நடந்து அவர் பார்த்ததேயில்லை. இப்போதும் பார்க்கவில்லை. ஒரு பானை இறங்குவதற்குள் அடுத்த பானைக்கு ஆள் வந்தது. பேச்சு ஒன்பது மணிவரை போனது. ரைமோ ஒன்பது மணிவரை சமையலறையில்தான் இருந்தார்.

நடுவில் ஒருமுறை கதவு திறந்தது. கௌக்கோவின் தலை.

"தொடர்பாளரே, இன்னும் ரெண்டு பேருக்கு வரல."

"வருது, வருது."

"அப்புறம், வேட்டைக்கு இந்த வருஷம் ஓடைப் பக்கம் என்கூட நில்லு. ஃபிளாஸ்க் நான் கொண்டாரேன். உன் கணக்கு நமக்கு வேண்டாம்."

கூட்ட அறிக்கையை யொன்னா பதினாறு பக்கத்துக்கு எழுதியிருந்தாள். மறுவாரம் ரைமோவிடம் ஒரு பிரதி கொடுத்தாள். அவர் அதை நாலு நாள் உட்கார்ந்து படித்தார். யார் யார் என்ன சொன்னார்கள் என்பதெல்லாம் அதில் இருந்தது. எல்லாமே அவருக்குப் புதுச் செய்தி. கடைசிப் பக்கத்தில், 'ஊர்த் தொடர்பாளரின் பங்களிப்பு' என்ற தலைப்புக்குக் கீழே ஒரே ஒரு வரி இருந்தது.

'காபி போட்டார்.'

ரைமோ அதை இரண்டு தடவை படித்துப் பார்த்தார். பிழை எதுவும் இல்லை.